கரும்புத் தோட்டத்தில் மண் ஈரப்பதங்காட்டி: இரண்டு பயிர்களின் அனுபவம்

நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்பு வைப்பவர்களுக்கு மேலுரம் (வளரும் பயிருக்கு இடையில் இடும் உரம்) இடும் நாள் என்பது பெரும்பாலும் யூரியா கிடைத்த நாளாகவோ ஆள் கிடைத்த நாளாகவோதான் இருந்து வருகிறது. மண் அதற்குப் பக்குவமாக இருக்கிறதா என்று அறிய, ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரிந்ததில்லை. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரப்பதங்காட்டியை இந்தக் குறைக்காகவே வாங்கினேன். சென்ற நடவுப் பயிரிலும் வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்த இப்போதைய மறுதாம்புப் பயிரிலும் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

கருவி எளிமையானது. இரண்டு உலோகக் கம்பிகளை மண்ணில் செருகினால் விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் மிகுதி, பச்சை என்றால் போதுமானது, ஆரஞ்சு என்றால் நீர் பாய்ச்சலாம், சிவப்பு என்றால் உடனே பாய்ச்ச வேண்டும். எழுத்தறியாத பண்ணையாளும் முதல் நாளிலேயே கற்றுக்கொண்டார்.

நடவுக் கரும்புக்கு எக்டேருக்கு 275 கிலோ தழைச்சத்தை (நைட்ரஜன்) நட்ட 30, 60, 90 ஆம் நாட்களில் மூன்றாகப் பிரித்து இடும் பரிந்துரையைத்தான் நான் பின்பற்றுகிறேன். ஏக்கர் கணக்கில் அது 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய ஐந்தரை மூட்டை யூரியா ஆகும். இவ்வளவு உரத்தையும் ஈரமான சாலின் மேல் தூவி அப்படியே விட்டால் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். தூவிய கையோடு மடை திறந்து வெள்ளமாகப் பாய்ச்சினால் இன்னொரு பங்கு வேருக்குக் கீழே இறங்கிவிடும். இப்போது நீலம் எரிந்தால் காத்திருக்கிறேன்; பச்சை எரியும் நாளில் உரத்தைச் சாலில் வைத்து, அன்றே மண் அணைத்துவிடுகிறேன். மறுதாம்பில் சோகை (காய்ந்த கரும்பு இலை) பரப்பிய சால்களில் இன்னொன்றையும் கண்டேன். வெற்று மண்ணில் ஆரஞ்சு எரிந்த அதே காலையில், சோகைக்கு அடியில் பச்சை எரிந்தது. மேல்மண்ணை மட்டும் பார்த்திருந்தால் அன்று வீணாக ஒரு தண்ணீர் கட்டியிருப்பேன்.

ஆனால் வாங்குபவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய குறை ஒன்று உண்டு. இந்தக் கருவி கம்பிகளுக்கு இடையே மண் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை வைத்தே ஈரத்தைக் கணிக்கிறது; உப்பும் மின்சாரத்தைக் கடத்தும். கடலூர் கடற்கரைப் பக்கம் உவர்நீர் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் என் இன்னொரு துண்டு நிலத்தில், கரும்பின் இலைகள் நண்பகலில் சுருண்டு நின்றபோதும் விளக்கு பச்சையாகவே எரிந்தது. பொட்டாஷ் இட்ட சில நாட்களுக்கும் இதே போன்ற பிழை வரக்கூடும் என்பதால், உரத்துக்கு முன்பே அளந்துவிடுகிறேன். மண் பரிசோதனை முடிவுகளைத் தரும் மண்வள அட்டையில் உள்ள 12 அளவீடுகளில், மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறனும் ஒன்று. நம்மில் பலர் தழை, மணி, சாம்பல் சத்துகளின் வரிகளோடு அட்டையை மடித்து வைத்துவிடுகிறோம். இந்தக் கருவியை வாங்க நினைப்பவர்கள் முதலில் மின்கடத்தும் திறன் வரியைப் பார்க்க வேண்டும்.

எனக்கு விற்றவர், எவ்வளவு உரம் வேண்டும் என்பதையும் இது காட்டும் என்றார். அது உண்மையன்று. எந்த நாளில் உரம் வைக்கலாம் என்பதற்குத்தான் இது துணை. எவ்வளவு என்பதற்கு மண் பரிசோதனையே வழி.

கட்டியும் கல்லுமான இடத்தில் கம்பி மண்ணோடு சரியாக ஒட்டாமல், ஈரமிருந்தும் சிவப்பு காட்டுகிறது. எனவே வயலில் நான்கைந்து இடங்களில் செருகிப் பார்ப்பதும், ஒவ்வொரு முறையும் கம்பியைத் துடைத்து வைப்பதும் அவசியம்.

நல்ல தண்ணீர் பாயும் கெடிலம் ஆற்றங்கரை நிலத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அந்த உவர்நீர்த் துண்டில் மட்டும் இன்றும் மண்ணைக் கையில் உருட்டித்தான் பார்க்கிறேன்.