சப்நெட் கணக்கு: கட்டம் பிடிப்பதா, கால்குலேட்டரில் தட்டுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட அலுவலகத்துக்கோ கோயிலுக்கோ கேமரா மாட்டப் போனால், கையில் கிடைப்பது பெரும்பாலும் 192.168.10.77/26 என்ற ஒரே வரிதான். /26 என்றால் 32 பிட் முகவரியில் முதல் 26 பிட் நெட்வொர்க்குக்கு. இந்த முகவரி அடங்கிய சப்நெட், அதாவது நெட்வொர்க் துண்டு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? கண்டுபிடிக்க மூன்று வழி உண்டு.

32 பிட்டையும் இருமத்தில் எழுதிப் பார்ப்பது பரீட்சைக்கு நல்லது. ஏணிமேல் நின்று யாரும் எழுதமாட்டார்கள். கால்குலேட்டர் கணக்கில் தவறாது. செம்பனைக் காட்டுக்குள் லைன் கிடைக்காவிட்டாலும் ஆஃப்லைன் செயலி இருக்கிறது.

ஆனாலும் என் ஓட்டு கட்டக் கணக்குக்கே. /26-இன் மாஸ்க், அதாவது முகவரியில் நெட்வொர்க் பகுதி எதுவரை என்று காட்டும் எண், 255.255.255.192. 256-இல் 192 போனால் 64. ஆகவே கட்டங்கள் 0, 64, 128, 192-இல் தொடங்கும். 77 விழுவது 64-இல். 64 அந்த நெட்வொர்க்கையே குறிக்க, 127 பிராட்காஸ்டுக்கு, அதாவது எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப. 65 முதல் 126 வரை, 62 முகவரி சாதனங்களுக்கு. /22 என்றால் மாஸ்க் 255.255.252.0, அதே கழித்தல் மூன்றாம் எண்ணில்: கட்டம் 4. 10.20.45.200 இருப்பது 10.20.44.0 முதல் 10.20.47.255 வரை. இங்கே 10.20.45.0-வைத் தாராளமாக ஒரு கம்ப்யூட்டருக்குக் கொடுக்கலாம். பூஜ்யத்தில் முடிந்தாலே நெட்வொர்க் முகவரி என்று ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கட்டத்தின் பக்கம் தராசைச் சாய்ப்பது கோளாறு தேடும் வேலைதான். ஒரு நெட்வொர்க்கை /25-ஆக இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ரெக்கார்டர் 192.168.10.20, கேமரா 192.168.10.140. கேமராவில் மட்டும் பழைய 255.255.255.0 மாறாமல் கிடக்கிறது. இணையம் வழியாகக் கைப்பேசியில் படம் தெரியும், ரெக்கார்டரில் தெரியாது. 20-உம் தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று கேமரா நம்புவதால், ரௌட்டரிடம் போகாமல் நேராகக் கூப்பிடுகிறது; பதில் சொல்ல ஆளில்லை. கேபிளைத்தான் மாற்றிக்கொண்டிருப்பார்கள்! கால்குலேட்டரில் அந்தத் தப்பு மாஸ்க்கைப் போட்டால், தப்பு மாஸ்க்குக்குச் சரியான விடை வரும், அவ்வளவுதான். 0–127, 128–255 என்று மனத்தில் கோடு இருந்தால், 140-உம் 20-உம் வேறு வேறு பக்கம் என்பது பார்த்ததும் உறைக்கும். ரௌட்டரில் பிராக்சி ஏஆர்பி (மறுபக்கச் சாதனத்துக்காக ரௌட்டரே பதில் சொல்லும் வசதி) போட்டிருந்தால் மட்டும் இந்தத் தப்பு வெளியே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

நெட்வொர்க்குக்கும் பிராட்காஸ்டுக்கும் என்று இரண்டு முகவரியைக் கழிக்கும் விதி /31-க்கு இல்லை. இரண்டு ரௌட்டர்களை நேராக இணைக்கும்போது இரண்டு முகவரியையுமே பயன்படுத்தலாம். 128 பிட் நீள முகவரி கொண்ட ஐபிவி6 என்றால் பேசாமல் கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.