வேலை தேடுவோர் சேவை மையம்: ஆலோசகருக்காகப் போகலாம்

ஆள்குறைப்பில் கணக்குப் பிரிவு வேலை போன பிறகு இந்த மையத்தில் பதிந்தேன். பதிவது சுலபம், கட்டணமும் இல்லை.

தலைவலி எல்லாம் வாராவாரம் நிரப்பித் தரவேண்டிய படிவம்தான். எங்கே விண்ணப்பித்தோம், யாரிடம் பேசினோம், என்ன பதில் வந்தது என்று கட்டம் கட்டமாகக் கேட்கிறார்கள். சரி, உதவித்தொகை வாங்குகிறவன் தேடத்தான் வேண்டும். ஆனால் ‘வேலையை மறுத்த காரணம்’ என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம். எனக்கு வந்தது கிடங்கில் இரவு ஷிப்ட். அம்மா படுத்த படுக்கை, ராத்திரியில் துணைக்கு நான் மட்டும்தான். இதை எழுதுவதற்குள் கட்டம் தீர்ந்துவிட்டது.

கவுன்ட்டரில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, “கிடைச்சதைச் செய்ய வேண்டியதுதானே சார்?” என்றார். சொந்தக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் மக்களின் கருத்துகளைக் கேட்டறியும் ‘ஐரோப்பிய விழுமியங்கள் ஆய்வு’ (European Values Study) என்ற கருத்துக்கணிப்பிலும் இப்படியொரு கேள்வி உண்டு: வேலையில்லாதவர் கிடைத்த வேலையை ஏற்கவேண்டும், இல்லையென்றால் உதவித்தொகை கிடையாது என்பது ஒரு முனை; வேண்டாத வேலையை மறுக்க உரிமை உண்டு என்பது மறுமுனை. நடுவில் 1 முதல் 10 வரை ஓர் எண் சொல்லவேண்டும். எந்த வேலை, யாருக்கு என்று தெரியாமல் நான் என்ன எண்ணைச் சொல்வது?

உள்ளே இருந்த ஆலோசகர் வேறு ரகம். வீட்டு நிலைமை, வயது, இத்தனை வருட அனுபவம் எல்லாம் பொறுமையாகக் கேட்டார். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 168ஆம் உடன்படிக்கை (1988) சொல்வதும் ஏறக்குறைய இதுதான். பொருத்தமான வேலையை மறுத்தால் உதவித்தொகையை நிறுத்தலாம். ஆனால் பொருத்தமா என்று பார்க்கும்போது வயது, அனுபவம், குடும்ப நிலை, வேலைச் சந்தை, எவ்வளவு காலமாக வேலையில்லை என்பதையெல்லாம் கணக்கில் கொள்ளவேண்டும். கடைசியாகச் சொன்னது நமக்கு எதிராகவும் திரும்பும். “இப்படியே போனால் பகல்நேரத்தில் குறைந்த சம்பள வேலையையும் பார்க்கவேண்டி வரும்” என்று ஆலோசகர் முகத்துக்கு நேராகவே சொன்னார். கசந்தாலும் நியாயம்தான்.

ஆலோசகருக்கு ஐந்து நட்சத்திரம், படிவத்துக்கு ஒன்று. போகிறவர்கள் மறுப்புக் காரணத்தைத் தனித்தாளில் எழுதி, மருத்துவச் சான்றின் நகலோடு இணைத்துக் கொடுங்கள். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்டுத் தரச்சொல்லுங்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.