“இலவச மோல்ட் டெஸ்ட்” என்று வீட்டுத் தூசியைத் துடைக்க வருபவர்களிடம் ஜாக்கிரதை

நியூ ஜெர்சியில் எடிசன், பிஸ்காட்டவே, மன்ரோ பக்கம் இருக்கும் நம் ஆட்கள் முக்கியமாகப் படியுங்கள். வீட்டுத் தூசியை ஒரு துணியில் துடைத்து லேபுக்கு அனுப்பி, “வீடு முழுக்க மோல்ட்”, அதாவது பூஞ்சை, என்று கலர் கலராக ஒரு ரிப்போர்ட் கொடுத்து, அந்தப் பயத்தை வைத்தே பெரிய வேலையைத் தலையில் கட்டுகிறார்கள். எங்களிடம் 9,800 டாலர் வாங்கினார்கள். பூஞ்சை போகவில்லை. விவகாரம் இன்னும் முடியாததால் கம்பெனி பெயரைப் போடவில்லை, ஆனால் என்ன செய்தார்கள் என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் பையனுக்கு ஆறு வயது. குளிர்காலம் வந்தாலே ராத்திரியில் இருமல், வீசிங். பேஸ்மென்டில் கார்ப்பெட் போட்டு அவனுக்கு விளையாட இடம் செய்திருந்தோம், மழை பெய்தால் அங்கே ஒரு ஈர வாடை வரும். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கொடுத்த நம்பரில் கூப்பிட்டதும் ஒரு தமிழ்ப் பையன் வந்தார். மரியாதையாகப் பேசினார், டெஸ்ட் இலவசம் என்றார், இது “ஈ.பி.ஏ. அங்கீகரித்த டெஸ்ட்” என்றார் (ஈ.பி.ஏ. என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை). ஒரே ஒரு துணியை எடுத்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் மேல்பக்கம், ரிட்டர்ன் வென்ட்டின் உள்பக்கம், பேஸ்மென்ட் ஜன்னலின் விளிம்பு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் என்று எங்கெல்லாம் வருடக்கணக்கில் கை படாத தூசி இருந்ததோ அங்கெல்லாம் துடைத்து ஒரு ஜிப் கவரில் போட்டுக்கொண்டு போனார். ஈரமானி கொண்டு சுவரைத் தொட்டுப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வெளியே ஒரு சுற்று சுற்றிக்கூட வரவில்லை.

அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. மேலே பெரிய சிவப்பு வட்டத்தில் 8.6. கீழே “கறுப்பு மோல்ட் கண்டுபிடிக்கப்பட்டது”. அவரே போன் செய்து, “அக்கா, பையனை இன்னைக்கு ராத்திரியிலிருந்தே கீழே விடாதீங்க, இது மூளை வரைக்கும் போகும்” என்றார். ஒரு தாயிடம் இப்படிச் சொன்னால் அவள் அதற்கு மேல் என்ன கேள்வி கேட்பாள்? கையோடு ஒப்பந்தத்தையும் அனுப்பினார்கள்: வீடு முழுக்க ஃபாகிங் (பூஞ்சையைக் கொல்லும் மருந்தைப் புகை மாதிரி அடிப்பது), டக்ட் (காற்று போகும் குழாய்) சுத்தம், அப்புறம் மறுபடியும் ஒரு டெஸ்ட்.

அந்த 8.6 என்பது என்ன என்று எங்களுக்குப் பிறகு ஒரு தனி இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து விளக்கினார். இந்தச் சோதனைக்குப் பெயர் எர்மி (ERMI). ஈ.பி.ஏ.வின் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியதுதான், அதுவரை அந்தப் பையன் சொன்னது சரி. ஆனால் இது ஆராய்ச்சிக்கான கருவி, சாதாரண வீடுகளில் வழக்கமாகப் பயன்படுத்த நாங்கள் பரிந்துரைக்கவில்லை என்று ஈ.பி.ஏ.வே சொல்கிறது. பொதுமக்கள் இதை நம்பி வீட்டைச் சுத்தம் செய்யும் முடிவுகளை எடுக்கிறார்கள் என்று அந்த முகமையின் தணிக்கைப் பிரிவே 2013-ல் ஒரு அறிக்கை போட்டிருக்கிறது. “அங்கீகரித்த டெஸ்ட்” என்று யார் சொன்னாலும் அது பொய்.

கணக்கையும் புரிந்துகொள்ளுங்கள், ஏமாற்று வேலை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. தூசியில் இருக்கும் 36 வகைப் பூஞ்சைகளின் டி.என்.ஏ.வை, அதைப் பல மடங்கு பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். முறையில் அளக்கிறார்கள். அதில் 26 வகை, தண்ணீர் புகுந்த வீடுகளில் அதிகம் காணப்படுபவை. மீதி 10 வகை எல்லா வீட்டிலும் இருக்கும், பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவை, கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா மாதிரி. ஒவ்வொரு வகையின் எண்ணிக்கைக்கும் மடக்கை (லாகரிதம்: 10-க்கு 1, 100-க்கு 2, ஒரு லட்சத்துக்கு 5) எடுத்து, முதல் கூட்டத்தின் மொத்தத்திலிருந்து இரண்டாவது கூட்டத்தின் மொத்தத்தைக் கழித்தால் வருவதுதான் அந்த எண். எங்கள் வீட்டில் முதல் கூட்டம் 22, இரண்டாவது 13.4. டெஸ்ட் எடுத்தது பிப்ரவரியில், வெளியே பனி, ஜன்னல் திறந்தே பல வாரம் ஆகியிருந்தது. வெளியிலிருந்து வரும் பூஞ்சை குறைந்தால் கழிக்கிற எண் குறையும், விடை ஏறும். அதே 22-ஐ வைத்துக்கொண்டு இரண்டாவது கூட்டம் 19 என்று இருந்திருந்தால் எங்கள் எண் 3. வீட்டுக்குள் ஒரு துளி கூட மாறாமலே!

மடக்கை என்பதால் இன்னொரு கோளாறும் உண்டு. முதல் கூட்டத்தில் பத்து வகைகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிகிராம் தூசிக்குப் பத்தே பத்து இருந்தால் எண் 10 ஏறும். ஒரே வகை மட்டும் ஒரு லட்சம் இருந்தால், அதாவது சுவருக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு பெரிய பிரச்சினை இருந்தால், 5 தான் ஏறும். மொத்த எண்ணை மட்டும் பார்ப்பதில் அர்த்தமே இல்லை, ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். அந்த வரிகளைத்தான் இவர்கள் கொடுக்கவே மாட்டார்கள். நாங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய பிறகுதான் லேபின் அசல் தாள் வந்தது. சிவப்பில் வட்டம் போட்ட அந்தக் கறுப்பு மோல்ட், ஸ்டாக்கிபாட்ரிஸ், எவ்வளவு தெரியுமா? மில்லிகிராமுக்கு 3. மொத்த எண்ணில் அதன் பங்கு அரைக்கும் குறைவு.

சரி, 8.6 என்றால் மோசமா என்று கேட்பீர்கள். 2006-ல் அமெரிக்கா முழுக்க ஆயிரத்துச் சொச்சம் வீடுகளில் தூசி எடுத்து, அவற்றை வரிசைப்படுத்தித்தான் இந்த அளவுகோலைச் செய்தார்கள். 5-க்கு மேல் என்றால் அந்த வரிசையில் மேல் கால்வாசி, அவ்வளவுதான். வகுப்பில் ரேங்க் போடுகிற மாதிரி, அந்தக் கால்வாசியில் யாராவது இருந்தே தீருவார்கள். இதற்கு மேல் போனால் நோய் வரும், இதற்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று காட்டும் கோடு அதில் கிடையாது. வீட்டு மோல்டுக்கு அமெரிக்க மத்திய அரசு எந்த அளவு வரம்பும் வைக்கவில்லை. எங்கள் பையனின் அலர்ஜி டாக்டரிடம் அந்த ரிப்போர்ட்டை நீட்டினோம், அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு வீட்டில் எங்கே ஈரம் என்று மட்டும்தான் கேட்டார்.

தூசியை எடுத்த விதமும் தப்பு. அந்த ஆராய்ச்சியில் வரவேற்பறையிலும் படுக்கையறையிலும் தரையில் குறிப்பிட்ட பரப்பை அளந்து, வாக்குவம் வைத்து ஐந்தைந்து நிமிடம் உறிஞ்சித் தூசி எடுத்தார்கள். ஃபர்னஸ் தலையில் கிடக்கும் பல வருடத் தூசியை அந்த அளவுகோலோடு ஒப்பிடவே கூடாது.

இப்போது நான் மிகவும் கொதித்துப்போன இடத்துக்கு வருகிறேன். ஃபாகிங் முடிந்தது, வீடு முழுக்க மருந்து நெடி, கூடவே எல்லா இடத்தையும் துடைத்தும் விட்டார்கள். சில நாள் கழித்து டெஸ்ட் எடுத்த அதே பையன் வந்து, துடைத்துவைத்த அதே இடங்களில் மறுபடியும் துணியை ஓட்டினார். எண் மைனஸ் 2. “பாருங்கக்கா, வீடு கிளீன்” என்றார். பி.சி.ஆர். சோதனை உயிருள்ள பூஞ்சை, செத்த பூஞ்சை என்று பிரித்துப் பார்க்காது, இரண்டின் டி.என்.ஏ.வையும் சேர்த்தே எண்ணும். ஆக ஃபாகிங் பூஞ்சையைக் கொன்றிருந்தாலும் அதனால் எண் இறங்காது. இறங்கியது தூசியைத் துடைத்ததால். இரண்டாவது லேப் தாளில் மாதிரியின் எடை முதல் தடவையைவிட மிகக் குறைவு, பாதி வரிகளில் எண்ணே இல்லை, “இதைவிடக் குறைவு” என்ற குறிதான். அளக்கப் போதுமான தூசியே அந்தத் துணியில் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அதை வைத்து மிச்சப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள். இன்னொன்று, செத்த பூஞ்சையும் அலர்ஜியைக் கிளப்பும், அதனால் கொன்றால் போதாது, அப்புறப்படுத்த வேண்டும் என்பதுதான் ஈ.பி.ஏ. சொல்வது.

ஏப்ரல் மழையில் வாடை திரும்ப வந்தது. சுத்தம் செய்யும் வேலை எதுவும் எடுத்துக்கொள்ளாத, சோதித்துச் சொல்வது மட்டுமே தொழிலாக உள்ள ஒரு இன்ஸ்பெக்டரை 450 டாலர் கொடுத்துக் கூட்டி வந்தோம். அவர் முதலில் போனது வெளியே. பின்பக்கக் கூரையிலிருந்து இறங்கும் மழைக் குழாயின் முழங்கை கழன்று, தண்ணீர் முழுக்க அஸ்திவாரத்தின் ஓரமாகவே கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து நேராக அந்த மூலைக்குப் போய்ச் சுவரில் ஈரமானியை வைத்தார், சோபாவை நகர்த்திக் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கினார். கார்ப்பெட்டைப் பிடித்துவைக்க ஆணியோடு அடித்திருந்த மரப்பட்டை கறுத்து, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது, டிரைவாலின் (ஜிப்சம் பலகைச் சுவர்) அடியில் நாலு விரல் உயரத்துக்குப் பச்சையும் கறுப்பும். ஃபாகிங் செய்தவர்கள் அந்த சோபாவை நகர்த்தவே இல்லை.

குழாயைச் சரிசெய்து தண்ணீரைத் தள்ளி விட்டோம். அந்த மூலையில் கார்ப்பெட்டையும் டிரைவாலின் அடிப்பகுதியையும் வெட்டி எடுத்தோம். பூஞ்சை பிடித்த இடம் 10 சதுர அடிக்குள் இருந்தால் பெரும்பாலும் நாமே மாஸ்க் போட்டுச் செய்துகொள்ளலாம் என்பது ஈ.பி.ஏ.வின் வழிகாட்டல், எங்களுடையது அவ்வளவுகூட இல்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஒரு டீஹியூமிடிஃபையர் வாங்கி ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கிறோம். எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலரைத் தாண்டவில்லை. கண்ணுக்குப் பூஞ்சை தெரிந்தாலோ வாடை வந்தாலோ டெஸ்டே தேவையில்லை, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை நிறுத்துங்கள், நனைந்த எதையும் ஒன்றிரண்டு நாளுக்குள் காய வையுங்கள்.

பக்கத்து நியூயார்க் மாநிலத்தில் மோல்டைச் சோதிக்கவும் அகற்றவும் தனித்தனி உரிமம் வேண்டும், ஒரே வீட்டில் இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது என்று 2016 முதல் சட்டம் இருக்கிறது. எங்கள் மாநிலத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை, அதனால் நாம்தான் பிரித்து வைக்க வேண்டும்: டெஸ்ட் எடுப்பவருக்கு ரிப்பேர் வேலையைக் கொடுக்காதீர்கள், அது இலவச டெஸ்ட் என்றால் கட்டாயம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ரிப்போர்ட் வந்துவிட்டதென்றால் வண்ணப் படத்தை விட்டுவிட்டு, லேபின் அசல் தாளையும், தூசி எந்தெந்த இடத்தில் எடுத்தது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த பேச்சே வேண்டாம். இந்த வாரம்தான் கையெழுத்துப் போட்டீர்கள் என்றால் உடனே தேதியைப் பாருங்கள், வீட்டுக்கு வந்து விற்றவரிடம் போட்ட ஒப்பந்தத்தைப் பொதுவாக மூன்றாவது வேலை நாள் நள்ளிரவுக்குள் ரத்து செய்ய மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி இடம் கொடுக்கிறது. எழுத்தில் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. இரண்டு லேப் தாள்களையும், கறுத்துப்போன அந்த மரப்பட்டையின் படத்தையும் வைத்து மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம், பதில் வந்ததும் எழுதுகிறேன்.