படிக்கிற மேசைக்கு முறுக்கி விடும் குசினி டைமர்

திருகோணமலை மத்திய வீதிப் பாத்திரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பற்றரி தேவையில்லை. போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படிக்கலாம், அதுதான் இதன் பெரிய பலன். 25 நிமிடம் வைக்க, முதலில் 60 வரை முழுக்கத் திருப்பிவிட்டுப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். நேரே 25க்குத் திருப்பினால் சுருள்வில் போதியளவு முறுகாது, மணி அரைகுறையாக அடிக்கும்.

உயர்தரப் பௌதிகவியல் பல்தேர்வில் 50 வினாவுக்கு 2 மணித்தியாலம். ஆக 25 நிமிடச் சுற்று ஒன்றுக்கு 10 வினா கணக்கு. பிறகு 5 நிமிடம் எழும்பி நடவுங்கள், போனைத் தொடாமல்.

டிக் டிக் சத்தம் உண்மையிலேயே உறுத்தும். மடித்த துவாயின் மேல் வைத்தால் அடங்கும். கடலோர வீடுகளில் உப்புக்காற்றால் சுருள்வில் துருப்பிடிக்கும், யன்னலோரம் வைக்கவேண்டாம். வாங்கமுன் கடையிலேயே 5 நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். இடையில் நின்றால் வேறொன்று கேளுங்கள்.