நிஃப்டி இடிஎஃப்பா, நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டா?

நிஃப்டி 50 குறியீட்டில் உள்ள பங்குகளில் பணம் போட இரண்டு வழிகள்: ஃபண்ட் நிறுவனத்திடம் வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்ட், பங்குச்சந்தையில் பங்கைப் போல வாங்கும் இடிஎஃப். செலவு விகிதத்தை (ஃபண்ட் நிறுவனம் வருடத்துக்கு எடுத்துக்கொள்ளும் சதவீதம்) மட்டும் பார்த்து இடிஎஃப் பக்கம் சாய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் முதலில் அப்படித்தான் சாய்ந்தேன்.

நிஃப்டி 24,000-ஐ ஒட்டி நின்ற ஒரு நாள். சந்தை திறந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பட்டியலிலேயே குறைந்த செலவு விகிதம் என்று தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஒரு நிஃப்டி 50 இடிஎஃப்புக்கு மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கிற விலைக்கு வாங்கு என்பது) போட்டேன். உடனே 100 யூனிட் கிடைத்தது, விலை 242 ரூபாய் 50 காசு. அதற்கப்புறம்தான் ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் ஐ-என்ஏவியைப் பார்க்கத் தோன்றியது. இடிஎஃப்பின் உள்ளே இருக்கும் பங்குகளின் அந்த நேரத்து மதிப்பு அது. சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும். அதில் 240 ரூபாய் 10 காசு என்று இருந்தது. யூனிட்டுக்கு 2 ரூபாய் 40 காசு வீதம் மொத்தம் 240 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தேன்.

240 ரூபாய் பெரிய தொகையில்லை என்று தோன்றும். ஆனால் எதற்காக இடிஎஃப்புக்கு வந்தேன்? இண்டெக்ஸ் ஃபண்டின் செலவு 0.20 சதவீதம், இதன் செலவு 0.05 சதவீதம். வித்தியாசம் 0.15. 24,000 ரூபாய்க்கு அது வருடத்துக்கு 36 ரூபாய். அதாவது ஆறரை வருடத்துக்கும் மேல் மிச்சம் பிடிக்க வேண்டியதை ஒரே நிமிடத்தில் விட்டுவிட்டேன். விற்பவர் யாரும் ஏமாற்றவில்லை. அந்த நேரத்தில் அந்த இடிஎஃப்பில் குறைந்த விலைக்கு விற்க ஆளே இல்லை, அவ்வளவுதான்.

இரண்டிலும் உள்ளே இருப்பது ஒரே சரக்கு. அதே 50 நிறுவனங்கள், அதே எடை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் அதே மாற்றங்கள். ஈவுத்தொகை இரண்டிலும் வந்து சேர்கிறது. வரியும் ஒன்றுதான்: ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம், அதைத் தாண்டினால் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்தில் 12.5 சதவீதம். ஆகவே வருமானத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. வாசல் எது என்பதுதான் வித்தியாசம். இண்டெக்ஸ் ஃபண்டில் நேராக ஃபண்ட் நிறுவனத்திடம் வாங்குகிறோம், அன்றைய என்ஏவி விலைக்கு, அதாவது நாள் முடிவில் கணக்கிடும் யூனிட் மதிப்புக்கு. பணம் மதியம் 3 மணிக்குள் அவர்கள் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். இடிஎஃப்பில் இன்னொரு முதலீட்டாளரிடமோ, வாங்கவும் விற்கவும் விலை சொல்லி நிற்கும் மார்க்கெட் மேக்கரிடமோ வாங்குகிறோம், அவர் கேட்கிற விலைக்கு. ஃபண்ட் நிறுவனத்திடமே நேராக யூனிட் வாங்க வேண்டுமென்றால் 25 கோடி ரூபாய்க்கு மேல் வேண்டும் என்பது சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதி. நமக்கு அந்தக் கதவு கிடையாது.

இடிஎஃப் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எந்த இடிஎஃப் என்பது முக்கியம். 2001 டிசம்பரில் பெஞ்ச்மார்க் நிறுவனம் கொண்டுவந்த நிஃப்டி பீஸ்தான் இந்தியாவின் முதல் இடிஎஃப். கோல்ட்மேன் சாக்ஸ், ரிலையன்ஸ் என்று கைமாறி இன்று நிப்பான் இந்தியாவிடம் இருக்கிறது. ஒரு யூனிட்டின் விலை நிஃப்டியின் நூறில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமாக இருக்கும். இதில் தினமும் நடக்கிற வியாபாரம் அதிகம் என்பதால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே பெரும்பாலும் சில காசுகள்தான் இடைவெளி. செலவு விகிதம் சற்றுக் கூடவே இருந்தாலும், புதிதாக வந்த மலிவான இடிஎஃப்பைவிட இது லாபமாக முடியலாம்.

நிர்வகிக்கும் தொகையைப் பார்த்தும் முடிவெடுக்க வேண்டாம். எஸ்பிஐ நிஃப்டி 50 இடிஎஃப் மலைபோல வளர்ந்ததற்கு முக்கியக் காரணம், 2015 ஆகஸ்ட் முதல் நம் பிஎஃப் பணத்தின் ஒரு பகுதியை பிஎஃப் அமைப்பான இபிஎஃப்ஓ இடிஎஃப்களில் போட ஆரம்பித்தது. அந்தப் பெரும் பணம் தினமும் சந்தையில் வாங்கி விற்கப்படுவதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது கடந்த ஒரு மாதத்தில் அந்த இடிஎஃப் பங்குச்சந்தையில் தினமும் எவ்வளவு கைமாறியது என்பதை. அதோடு ஆர்டர் புக்கில் (வாங்கவும் விற்கவும் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல்) முதல் ஐந்து விலைகளில் எத்தனை யூனிட் நிற்கிறது என்பதையும்.

விற்கும்போது இன்னொரு செலவு வருகிறது. யூனிட்டுகள் இருக்கும் டிமேட் கணக்கிலிருந்து அவற்றை எடுக்கும் ஒவ்வொரு நாளும் டிபி கட்டணம் (அந்தக் கணக்கை நடத்துபவர் எடுப்பது) உண்டு. பெரும்பாலான புரோக்கர்களிடம் 15 ரூபாயை ஒட்டி. தொகை எவ்வளவானாலும் அதே கட்டணம். 5 லட்சத்துக்கு விற்கிறவருக்கு அது கண்ணுக்கே தெரியாது. மாதம் 5,000 ரூபாய் எடுத்துச் செலவு செய்கிற ஓய்வுபெற்ற அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் 0.3 சதவீதம் போகிறது. அவருக்கு இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்டபிள்யூபி (குறித்த தொகைக்கு யூனிட்டை விற்றுத் தரும் ஏற்பாடு) போட்டுவிட்டால் மாதா மாதம் குறித்த தேதியில் பணம் வங்கிக்கு வந்துவிடும். ஆப்பைத் திறக்கவே வேண்டியதில்லை. என் மனதில் இந்த ஒப்பீட்டைத் தீர்த்துவைத்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

இண்டெக்ஸ் ஃபண்டிலும் ஒரு பொறி இருக்கிறது. டைரக்ட், ரெகுலர் என்று இரண்டு வகை. வங்கிக் கிளையில் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் ரெகுலர்தான் கிடைக்கும். அதில் கமிஷனும் சேர்ந்திருக்கும். 50 பங்குகளை அப்படியே நகலெடுக்கும் ஃபண்டுக்குக் கமிஷன் கொடுப்பதில் எந்த அர்த்தமும் இல்லை. ஸ்டேட்மென்ட்டில் திட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் 'டைரக்ட்' என்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இடிஎஃப்பில் இந்தப் பிரிவே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் அது சுத்தம்.

சந்தை விழும்போது இடிஎஃப்பை உடனே வாங்கலாமே என்பார்கள். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. காலையிலேயே 10 சதவீத சர்க்யூட் அடித்து 45 நிமிடம் வியாபாரம் நின்றது. இப்படிப்பட்ட நாட்களில்தான் மார்க்கெட் மேக்கர்கள் பின்வாங்குவார்கள், விலை இடைவெளி விரியும். பங்குகள் மலிவாகக் கிடைக்கும் அதே நேரத்தில் இடிஎஃப்பின் விலை ஐ-என்ஏவியை விட்டு விலகி நிற்கலாம். ஆகவே இந்தச் சாதகத்தை நான் பாதி மதிப்புக்குத்தான் எடுத்துக்கொள்கிறேன். டிரேடிங் செய்கிறவர்கள் இடிஎஃப்பை அடமானம் வைத்து மார்ஜின் (டிரேடிங்குக்கான பிணைத்தொகை) வாங்கலாம் என்பது உண்மையான சாதகம். எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

வெளிநாட்டுக் குறியீட்டுக்குப் போனால் நிலைமை இன்னும் கடுமை. அமெரிக்காவின் நாஸ்டாக் 100, ஹாங்காங்கின் ஹாங் செங் ஆகியவற்றைப் பின்தொடரும் இடிஎஃப்கள் நம் சந்தையிலேயே கிடைக்கின்றன. சாதாரணமாக ஒரு இடிஎஃப்பின் விலை என்ஏவியைத் தாண்டி ஏறினால், மார்க்கெட் மேக்கர் பணத்தையோ பங்குகளையோ ஃபண்ட் நிறுவனத்திடம் கொடுத்துப் புது யூனிட் வாங்கிச் சந்தையில் விற்பார். வித்தியாசம் கரைந்துவிடும். ஆனால் நம் மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டில் போடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறது: மொத்தம் 700 கோடி டாலர், வெளிநாட்டு இடிஎஃப்களில் போட தனியாக 100 கோடி டாலர். வரம்பு நிரம்பினால் புது யூனிட் உருவாகாது. வாங்க ஆள் வர வர, இருக்கிற யூனிட்டுகளின் விலைதான் ஏறும். நாஸ்டாக் 100 இடிஎஃப்பின் சந்தை விலை என்ஏவியைவிட 10 சதவீதத்துக்கும் மேல் நின்ற நாட்கள் உண்டு. அப்போது வாங்கியவர் 100 ரூபாய் சரக்கை 110 ரூபாய்க்கு வாங்கினார். நாஸ்டாக் அசையாமல் நின்றாலும், வரம்பு தளர்ந்த அன்று அந்த 10 ரூபாய் போய்விடும். இங்கே முந்தைய நாள் என்ஏவியைப் பார்த்து, இரவு அமெரிக்கச் சந்தை எவ்வளவு அசைந்தது என்று கூட்டிக் கழிக்காமல் தயவுசெய்து ஆர்டர் போடாதீர்கள்.

நான் இப்போது செய்வது இது. மாதாந்தரப் பணம் முழுவதும் டைரக்ட் இண்டெக்ஸ் ஃபண்டில், எஸ்ஐபியாக. இடிஎஃப்பில் முழு யூனிட்டாகத்தான் வாங்க முடியும் என்பதால் கொஞ்சம் பணம் மிச்சம் நிற்கும், ஃபண்டில் கடைசிக் காசு வரை யூனிட்டாகிவிடும். போனஸ் போல மொத்தமாக வந்தால் மட்டும் நிஃப்டி பீஸ் வாங்குகிறேன். அதுவும் 11 மணிக்கு மேல், ஐ-என்ஏவியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, நான் குறிக்கும் விலைக்கு மேல் வாங்காத லிமிட் ஆர்டரில்.

அதிகம் கைமாறாத இடிஎஃப்பை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் அவசரப்பட்டு விற்க வேண்டாம். உள்ளே இருக்கும் பங்குகள் நல்லவைதான். விற்றால் வரி, டிபி கட்டணம், மறுபடியும் அதே விலை இடைவெளி என்று மூன்றும் சேரும். என் 100 யூனிட்டும் அப்படியே இருக்கிறது. புதுப் பணம்தான் பாதை மாறியது.