சமன்பாடுகளைச் சேமிக்க: எச்பி 35எஸ், கேசியோ எஃப்எக்ஸ்-5800பி

ஒரே சமன்பாட்டை வெவ்வேறு மதிப்புகளுக்கு நாள்தோறும் தீர்க்க வேண்டிய பொறியாளர்கள் இவ்விரண்டு கணிப்பான்களில் எதை வாங்குவது என்று தயங்குவதுண்டு.

சேமிப்பு: எச்பியில் சுமார் 30 கிலோபைட், கேசியோவில் 28,500 பைட். இதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

தீர்க்கும் முறை: உண்மையான வேறுபாடு இங்கேதான் உள்ளது. கால்வாய் நீரோட்டத்துக்கான மேனிங் சமன்பாட்டை எச்பியின் சமன்பாட்டுப் பட்டியலில் ஒருமுறை எழுதிவிட்டால், வேகம், சரிவு, சொரசொரப்பு எண் ஆகியவற்றுள் எது தெரியவில்லையோ அந்த எழுத்தைச் சுட்டியவுடன் மற்றவற்றை அதுவே கேட்டுப் பெற்று விடையைத் தேடுகிறது. மாறியைத் தனிமைப்படுத்தித் தனித்தனி நிரல்கள் எழுதும் வேலையே இல்லை. கேசியோவிலும் தீர்க்கும் வசதியும் 128 உள்ளமைந்த சூத்திரங்களும் உண்டு. ஒருங்கமை நேரியல் சமன்பாடுகளில் எச்பி மூன்று மாறிகளோடு நின்றுவிட, கேசியோ ஐந்து வரை செல்கிறது.

நிரலாக்கம்: கேசியோவில் நிரலுக்குப் பெயர் சூட்டலாம்; எச்பியில் ஓரெழுத்து அடையாளம் மட்டுமே என்பதால், எந்த எழுத்தில் எது உள்ளது என்பதைத் தாளில் குறித்துவைக்க நேரிடும். கேசியோவின் நிரல்களைக் கம்பிவழி இன்னொன்றுக்கு மாற்றலாம். 2007இல் வெளிவந்த எச்பியில் அந்த வழியே வைக்கப்படவில்லை, இது எனக்கு இன்றும் புரியாத சிக்கனம்.

மின்கலம்: எச்பிக்கு இரண்டு பொத்தான் மின்கலங்கள், கேசியோவுக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒரு டிரிபிள் ஏ.

நில அளவையாளர்களுக்குக் கேசியோவே பொருந்தும். எண்களை முதலில் இட்டு, கூட்டல், கழித்தல் போன்ற செயல்குறியைப் பின்னால் அழுத்தும் தலைகீழ் போலந்துக் குறியீட்டில் பழகியவர்களும், ஒரே சூத்திரத்தைப் பல திசைகளிலிருந்து தீர்ப்பவர்களும், உற்பத்தி நின்றுவிட்ட எச்பியைப் பழைய பொருளாகவேனும் தேடி வாங்கலாம்.