பேலன்ஸ் டிஸ்க் நல்ல பொருள்தான், அந்த மூடியைத் தவிர

பின்னங்கால் ஒன்று எடுக்கப்பட்ட நாட்டு நாய் வளர்க்கும் நண்பர் கேட்டார்: "காத்தடிக்கிற பேலன்ஸ் டிஸ்க் விலை இறங்கியிருக்கே, வாங்கலாமா?" நாயை மேலே நிறுத்திச் சமநிலைப் பயிற்சி கொடுக்க உதவும் தட்டையான வட்டத் திண்டுதான் அது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். 18 கிலோ நாட்டு நாய், வலது பின்னங்கால் இல்லை. 36 செ.மீ. டிஸ்க் இரண்டும் நிலக்கடலை வடிவப் பயிற்சிப் பந்து ஒன்றும் வருடக்கணக்கில் புழக்கத்தில் இருக்கின்றன. எந்த அளவு, என்ன நிறம், எத்தனை கிலோ தாங்கும் என்பதெல்லாம் விற்பவர்களே போட்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டது காற்றைப் பற்றி.

இந்தப் பொருளில் பயிற்சி லேசாவதும் கடினமாவதும் உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைப் பொறுத்தே. காற்று குறைந்தால் டிஸ்க் தரையில் அகலமாகப் படிந்து அதிகம் அசையாது. கூடினால் அடிப்பக்கம் உருண்டு, மேலே வைத்த கால் நாலா பக்கமும் ஆடும். நான்கு கால் நாய்க்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. ஒரு கால் தவறினால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும். மூன்று கால் நாய்க்குப் பம்பை இரண்டு தடவை கூடுதலாக அடித்தாலே அது வேறு பயிற்சி. இவ்வளவு முக்கியமான காற்றைக் காக்க இவர்கள் வைத்திருப்பது சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு பிளாஸ்டிக் மூடி! பிடுங்க விரலுக்குப் பிடி கிடைக்காது. கத்தியை விட்டால் வால்வின் ஓரம் கிழியும். ஸ்பூன் காம்பின் தட்டை முனையால் மெல்ல நெம்ப வேண்டும். பம்ப் முனையை உருவி மூடியை அழுத்துவதற்குள், அளந்து அடித்த காற்றில் ஒரு பங்கு புஸ்ஸென்று போயிருக்கும். மூடி கைதவறி விழுந்தால் இன்னும் மோசம். ட்ரீட்டுக்காக நறுக்கி வைத்த கோழித் துண்டும் அதே அளவுதான், நாய்க்கு வித்தியாசம் தெரியாது. மூடியைத் திறக்கும்போது நாய் வேறு அறையில் இருப்பது நல்லது.

பம்ப் எத்தனை முறை அடித்தோம் என்ற கணக்கு உதவாது. காற்றடித்த டிஸ்க்கை நாய் ஏறும் முன் தரையில் வைத்து, அதன் மேல் ஒரு ஸ்கேலைக் கிடையாகப் பிடித்து, தரையிலிருந்து அந்த ஸ்கேல் வரை எத்தனை செ.மீ. என்று அளந்து எழுதி வையுங்கள். அந்த எண்தான் உங்கள் பயிற்சியின் அளவு. வெயில் பட்ட டிஸ்க்கில் காற்று விரிந்து இறுகும். ஏசி அறையில் அதே டிஸ்க் தளரும். எனவே அளப்பதும் பயிற்சியும் ஒரே அறையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கட்டும். பால்கனியில் போட்டு வைக்க வேண்டாம். இரண்டு டிஸ்க் இருந்தால் ஒன்றைத் தளர்வாகவும் ஒன்றை இறுக்கமாகவும் நிரப்பிவிட்டு, கசியாத வரை மூடிப் பக்கமே போகாதீர்கள். இரண்டாவது டிஸ்க் வாங்க எனக்குத் தெரிந்த ஒரே நியாயமான காரணம் இதுதான்.

பயிற்சியில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் டிஸ்க்கை எங்கே வைப்பது என்பது புரியும். நிற்கும் நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களிலும் 40 சதவீதம் பின்னங்கால்களிலும் இறங்குகிறது. ஒரு பின்னங்கால் போனதும், மிச்சமிருக்கும் கால் வயிற்றின் நடுக்கோட்டுக்கு அடியில் நகர்ந்து வந்து முக்காலி போல ஊன்றிக்கொள்ளும். மீதிச் சுமை முன்னால் சாயும். தோளும் கழுத்தும் முதுகும் இறுகிப்போவது இதனால்தான். முன்பாதங்கள் இரண்டையும் டிஸ்க்கில் ஏற்றினால் எடை பின்னால் தள்ளப்பட்டு அந்த ஒற்றைக் காலின் தொடையும் இடுப்பும் வேலை செய்யும். தளர்ந்த டிஸ்க்கில் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

டைல்ஸ் தரையில் நேரடியாக வைத்தால் டிஸ்க்கும் வழுக்கும், பின்பாதமும் வழுக்கும். யோகா மேட் ஒன்றை விரித்து, நாயின் பின்பாதமும் அதிலேயே நிற்கும்படி டிஸ்க்கை வையுங்கள். ஹார்னஸின் (நாயின் நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டை) முதுகுப் பிடியில் ஒரு கை இருக்கட்டும். தூக்க வேண்டாம், சாய்ந்தால் பிடிக்க மட்டும். கால் இல்லாத பக்கம் சுவரோ நம் முழங்காலோ இருந்தால் நாய் பதறாது. ட்ரீட்டை மூக்கின் உயரத்தில் நேராகப் பிடியுங்கள். மேலே தூக்கினால் நாய் உட்கார்ந்துவிடும், கீழே இறக்கினால் எடை மறுபடி தோளுக்கே போய்விடும். ஐந்து விநாடி நின்றால் போதும். இறங்கட்டும், மூச்சு வாங்கட்டும், மறுபடி ஏறட்டும். மூன்று நான்கு முறைக்கு மேல் வேண்டாம்; தொடக்கத்தில் மொத்தமே ஐந்து நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள்.

இது ஆடாமல் வந்த பிறகு, டிஸ்க்கில் நிற்கும்போதே ட்ரீட்டை மெதுவாகப் பக்கவாட்டில் கொண்டுபோய் மூக்கை விலாவரை திருப்ப வைக்கலாம். இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும். பின்கால் இருக்கும் பக்கம் திரும்பும்போது சுமை அந்தக் காலுக்கு வரும். இல்லாத பக்கம் திரும்பும்போது நடு உடம்பின் தசைகள்தான் விழாமல் பிடிக்கின்றன, அதனால் அந்தப் பக்கம் பாதித் தூரம் வந்தாலே போதும். உட்கார்ந்து எழும் பயிற்சிக்கு டிஸ்க் தேவையே இல்லை. தரையில் உட்கார்ந்து எழச் சிரமப்பட்டால் ஒரு கெட்டியான மனையில் உட்கார வைத்து எழுப்புங்கள்; உயரம் கூடினால் எழுவது சுலபம். தசை ஏற ஏற உயரத்தைக் குறைக்கலாம்.

எப்போது நிறுத்துவது என்பதில் கண்டிப்பாக இருங்கள். பின்காலில் நடுக்கம், பாதத்தை மாற்றி மாற்றி ஊன்றுவது, உதட்டை நக்கி முகத்தைத் திருப்புவது, இருந்தாற்போல உட்கார்ந்துவிடுவது: இதில் எது வந்தாலும் அன்றைக்கு முடிந்தது. "இன்னும் ஒரு தடவை" என்ற ஆசையில்தான் முழங்கால் தசைநார் போகிறது. இருப்பதே ஒரு பின்னங்கால் என்னும்போது அது கிழிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அறுவை சிகிச்சைத் தையல் பிரித்து மருத்துவர் சரியென்று சொல்லும்வரை எந்த டிஸ்க்கும் வேண்டாம். மூட்டு வாதம் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். எடையும் கூடாது. விலா எலும்பு கண்ணில் படாவிட்டாலும் தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லையென்றால் டிஸ்க்குக்கு முன்னால் சோற்றைக் குறைக்க வேண்டும்.

முன்னங்கால் போன நாய் வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே செய்யக்கூடாது. அவற்றுக்கு ஒற்றை முன்காலில்தான் பெருஞ்சுமை. மணிக்கட்டு அமுங்கிப் பாதம் தட்டையாக விரிவதைப் பார்க்கலாம். முன்பாதத்தை மணிக்கட்டு உயரத்துக்கு மிகாத, ஆடாத மேடையில் ஏற்றினால் சுமை பின்னால் போய் அந்தக் கால் சற்று ஆறும். பின்னங்கால்களை உயரத்தில் ஏற்றுவது தொடக்கத்தில் கூடவே கூடாது. பெட்டியோடு வரும் கையேடு என்ன சொல்கிறது தெரியுமா? பின்னங்கால்களை டிஸ்க்கில் வைத்து, ஒரு முன்காலைக் கையால் தூக்கிப் பிடிக்கச் சொல்கிறது. முன்கால் ஒன்றே உள்ள நாயின் முன்காலைத் தூக்கினால் அது மூக்கால் நிற்குமா?

கடலைப் பந்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றை அதன்மேல் கிடத்தி முன்னும் பின்னுமாக மெல்ல உருட்டினால் இறுகிய முதுகு தளர்கிறது. படுத்த நிலையில் பாதங்கள் தரையைத் தொட வேண்டும், எனவே நெஞ்சின் அடிவரை உள்ள உயரத்தை அளந்து வாங்குங்கள். பிடிக்க ஓர் ஆள் கூடுதலாக வேண்டும். இடத்தை அடைக்கும்.

டிஸ்க் உழைப்பதில் குறை சொல்ல முடியாது. புதிதாக வந்ததும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் கழுவுங்கள். வழவழப்பு போனால்தான் பாதம் பிடிக்கும். நகத்தை வெட்டி மழுக்காமல் ஏற்றாதீர்கள். காற்று இறங்கினால் மூடியைச் சுற்றிச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி பெரும்பாலும் அங்கேதான் வரும். டிஸ்க்கின் உடலில் நகம் பட்ட ஓட்டை என்றால் சைக்கிள் டியூப் பஞ்சர் பசை அந்தப் பிவிசி பிளாஸ்டிக்கில் நிற்காது. காற்று மெத்தைகளுக்கு வரும் வினைல் ஒட்டுத்துண்டும் பசையும்தான் வேண்டும். ஒட்டியபின் ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு அடுத்த நாள் காற்றடியுங்கள்.

மனிதர்கள் ஜிம்மில் பயன்படுத்தும் 33 செ.மீ. டிஸ்க்கும் வேலையளவில் இதேதான். நாய்ப் படம் இல்லாததால் பெரும்பாலும் விலை குறைவு. மூடியும் பெரும்பாலும் அதே மூடி, அதில் ஏமாற்றமில்லை. அதுவும் வேண்டாமென்றால் இலவம்பஞ்சு மெத்தையை இரண்டாக மடித்துப் போட்டு அதில் நிறுத்தலாம். முதல் மாதத்துக்கு அது தாராளமாகப் போதும். பஞ்சு ஒருபக்கம் ஒதுங்கும்போது தட்டிச் சமன் செய்தால் ஆயிற்று, நெம்ப எதுவும் கிடையாது.

ஆகவே நண்பருக்குப் பதில்: ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். மெலிந்துகிடந்த பின்தொடையில் தசை ஏறியிருக்கிறது, டைல்ஸில் திரும்பும்போது இடுப்பு சரிவதில்லை, யோகா மேட்டை விரித்தாலே நாய் ஓடிவந்து நிற்கிறது. எல்லாம் உண்மை. இருந்தாலும் இரண்டுதான், இன்று காலையும் அந்த மூடி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. எங்களுடையதை இரவலாகக் கேட்க வேண்டாம், தினமும் வேண்டியிருக்கிறது.